குழந்தைகள் உள்ள வீட்டில் ஊர்வன வளர்ப்பது எப்படி

பிள்ளை ஒரு நாள் வந்து, பல்லி வளர்க்கலாமா, பாம்பு வளர்க்கலாமா என்று கேட்கும். அந்த ஆசையை அலட்சியப்படுத்த வேண்டியதில்லை. உடனே நிறைவேற்றவும் வேண்டியதில்லை. பிள்ளையின் ஆர்வம் ஆறே மாதத்தில் வடிந்துவிட்டாலும் அதன்பின் வரும் ஆண்டுகள் முழுவதும் இந்த உயிரைப் பார்த்துக்கொள்ள நாம் ஆயத்தமா என்பதை வீட்டுப் பெரியவர்கள் முதலில் தமக்குள் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். சிறுத்தைப்பல்லி எனப்படும் லெப்பர்டு கெக்கோ நல்ல பராமரிப்பில் 15 முதல் 20 ஆண்டுகள் வாழும். கார்ன் ஸ்நேக் என்னும் பாம்பின் ஆயுளும் ஏறக்குறைய அவ்வளவே. பால் பைத்தான் என்னும் மலைப்பாம்பு 20 ஆண்டுகளைத் தாண்டி 30 வரைகூடப் போகும். நிலத்தாமைகளில் பல 50 ஆண்டுகளுக்கு மேல் இருப்பவை. பத்து வயதில் ஆசைப்பட்டுக் கேட்ட பிள்ளை படிப்பை முடித்து, வேலைக்குப் போய், வேறு ஊரில் குடியேறிய பிறகும் அந்தப் பல்லி உங்கள் கூடத்தில்தான் இருக்கும். ஆகவே ஊர்வனவற்றைப் பொறுத்தவரை வளர்ப்பவர் எப்போதும் பெரியவரே. பிள்ளை அவருக்குத் துணை. இதை மனமார ஏற்க முடியாத வீட்டுக்கு இந்த வளர்ப்பு ஏற்றதல்ல என்றே நான் சொல்வேன்.

இன்னொன்றையும் பிள்ளையிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். ஊர்வன நாயைப் போல வாலாட்டி ஓடிவராது, பூனையைப் போல மடியில் சுருண்டு படுக்காது. பழகிய கையைக் கண்டு அஞ்சாமல் இருக்கும். அதுவே அது தரக்கூடிய பெரிய நம்பிக்கை. தூக்கிக் கொஞ்சுவதற்காக ஒரு விலங்கைத் தேடும் பிள்ளை ஏமாந்துபோகும். உட்கார்ந்து பார்ப்பதில் மகிழ்ச்சி கொள்ளும் பிள்ளைக்கோ ஒரு கண்ணாடித் தொட்டி பல ஆண்டுகளுக்குப் போதுமானது.

வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்

எந்த இனம் என்பதை முடிவு செய்வதற்கு முன், வீட்டில் இருப்பவர்களைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஊர்வனவற்றின் குடலில் சால்மோனெல்லா என்னும் நுண்ணுயிரி இயல்பாகவே இருக்கக்கூடும். அது விலங்குக்கு எந்த நோயும் தராமல், பார்வைக்கு நல்ல நலத்தோடு இருக்கும் பல்லியின் எச்சத்திலும், அதன் வழியே தோலிலும், தொட்டியின் தண்ணீரிலும், தரையிலும் பரவி நிற்கும். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் சில நாள் வயிற்றுப்போக்கோடும் காய்ச்சலோடும் முடிந்துவிடும் இந்தத் தொற்று, சிறு குழந்தைகளிடம் இரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும், 65 வயதைத் தாண்டியவர்களும், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் ஊர்வனவற்றோடும் அவற்றின் பொருள்களோடும் தொடர்பு கொள்ளாதிருப்பதே நல்லது என மருத்துவத் துறையினர் வலியுறுத்துகிறார்கள். அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டு, ஓடு 4 அங்குலத்துக்குக் குறைவாக உள்ள ஆமைகளை வளர்ப்புக்காக விற்பதற்கே தடை விதிக்கப்பட்டது. கைக்கு அடக்கமான அந்தக் குட்டி ஆமைகளைக் குழந்தைகள் வாயில் வைத்து நோயுற்றதே காரணம்.

கைக்குழந்தையோ தவழும் குழந்தையோ வீட்டில் இருந்தால், கடைசிப் பிள்ளைக்கு ஐந்து வயது நிறையும்வரை காத்திருங்கள். மூத்த பிள்ளைக்கு இது வருத்தம் தரலாம். அந்தக் காலத்தை வாசிப்பதற்கும், தொட்டியைத் திட்டமிடுவதற்கும், ஏற்கெனவே வளர்ப்பவர்களின் அனுபவத்தைக் கேட்டறிவதற்கும் பயன்படுத்தினால் அது வீணாகாது.

எதைத் தேர்ந்தெடுப்பது

முதல் முறையாக வளர்க்கும் குடும்பத்துக்கு என் முதல் பரிந்துரை சிறுத்தைப்பல்லிதான். 20 முதல் 25 சென்டிமீட்டர் நீளம், அமைதியான இயல்பு, மெதுவான நடை. வீட்டுச் சுவரில் ஏறும் பல்லிக்கு உள்ள ஒட்டும் விரல்கள் இதற்கு இல்லாததால் கண்ணாடியில் ஏறித் தப்பாது. அசையும் கண்ணிமைகள் இருப்பதால் அது கண்ணை மூடித் திறப்பதைப் பிள்ளைகள் வியந்து பார்ப்பார்கள். அந்தி வேளையில் விழித்து நடமாடும் விலங்கு என்பதால், பள்ளி விட்டு வந்த பிள்ளை அதன் சுறுசுறுப்பான நேரத்தைக் காண முடிகிறது. ஒரு பல்லிக்கு 90 சென்டிமீட்டர் நீளமும் 45 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட தொட்டி போதும்.

பியர்டட் டிராகன் எனப்படும் தாடி ஓணான் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலத்தைச் சேர்ந்தது. பகலில் விழித்திருப்பதாலும், மனிதக் கைக்கு எளிதில் பழகுவதாலும், ஒரு முன்காலைத் தூக்கி மெல்லச் சுழற்றிக் காட்டும் அதன் விசித்திரப் பழக்கத்தாலும் பிள்ளைகளுக்கு இதன்மேல் தனி ஈர்ப்பு உண்டு. ஆனால் இது அரை மீட்டர் நீளத்துக்கும் சற்று மேலாகவே வளரும். 120 சென்டிமீட்டர் நீளத் தொட்டியும், வலுவான புறஊதா விளக்கும், நாள்தோறும் புதுக் கீரையும் வேண்டும். இடமும் நேரமும் உள்ள வீட்டுக்கு இது மிக நல்ல தேர்வு.

பாம்பை விரும்பும் குடும்பத்துக்கு நஞ்சற்ற, சாதுவான கார்ன் ஸ்நேக் ஏற்றது. வளர்ந்த பாம்புக்கு 10 முதல் 14 நாளுக்கு ஒரு முறை உணவளித்தால் போதும். அந்த உணவு உறைய வைத்து, பின் உருக்கிய எலி என்பதை மறந்துவிடக் கூடாது. உறைபெட்டியில் எலி இருப்பதை வீட்டில் ஒருவர் ஏற்கவில்லை என்றாலும் அத்துடன் இந்தப் பேச்சை நிறுத்திவிடுவதே முறை. மேலும், கார்ன் ஸ்நேக் தப்பிப்பதில் வல்லது; விரல் நுழையும் இடைவெளியே அதற்கு வாசல். மூடியைப் பூட்டு போட்டு வைப்பது, பிள்ளைகள் உள்ள வீட்டில் இரண்டு தரப்புக்கும் பாதுகாப்பு.

ஆமையைப் பலரும் எளிய விலங்கென்று நினைத்து முதலில் வாங்குகிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. காதருகே சிவப்புக் கோடு கொண்ட ஸ்லைடர் நீராமை, வாங்கும்போது உள்ளங்கையில் அடங்கும். வளர்ந்த பெண் ஆமையோ 25 சென்டிமீட்டரைத் தாண்டும். நூற்றுக்கணக்கான லிட்டர் தண்ணீர், வலுவான வடிகட்டி, காய்வதற்கு மேடை, பல பத்தாண்டு ஆயுள் என இத்தனையையும் எண்ணிப் பார்த்தபின்தான் முடிவெடுக்க வேண்டும். பச்சோந்தி கையாளப்படுவதையே தாங்காது. பச்சை இகுவானா ஒன்றரை மீட்டருக்கு மேல் வளர்ந்து வாலால் அடிக்கும். இவ்விரண்டும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கானவை அல்ல.

எந்த இனமானாலும் வளர்ப்பகத்தில் பிறந்த குட்டியையே வாங்குங்கள். காட்டிலிருந்து பிடித்து வந்தவை ஒட்டுண்ணிகளோடும் அச்சத்தோடும் வருகின்றன. பல நாடுகளில் உள்நாட்டு ஊர்வனவற்றைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றமாகும். அயல்நாட்டு இனங்களின் வணிகத்தை 1975 முதல் நடைமுறையில் உள்ள சைட்டீஸ் என்னும் பன்னாட்டு உடன்படிக்கை கட்டுப்படுத்துகிறது. அழகுக்காகப் பெருமளவில் கடத்தப்பட்ட நட்சத்திர ஆமை 2019இல் அதன் மிகக் கடுமையான முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நீங்கள் வாழும் இடத்தின் சட்டத்தைக் கேட்டறிந்து, பிறப்பு பற்றிய சான்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

குட்டியைப் பார்க்கப் போகும்போது அவசரப்படாதீர்கள். கண்கள் தெளிவாகவும் முழுதாகத் திறந்தும் இருக்க வேண்டும். எச்சத்துளை சுத்தமாக இருக்க வேண்டும். விரல்கள் ஒவ்வொன்றும் நகத்தோடு இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். சிறுத்தைப்பல்லி கொழுப்பை வாலில் சேமிப்பதால், தடித்த வால் நல்ல அறிகுறி. குச்சி போன்ற வாலுள்ள குட்டியை இரக்கத்தால் வாங்கிவிடாதீர்கள். உங்கள் கண்முன்னே அது ஒரு முறை உண்பதைப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள்.

விலங்குக்கு முன் தொட்டி வரட்டும்

ஊர்வன தம் உடல் வெப்பத்தைத் தாமே உண்டாக்கிக்கொள்ள இயலாதவை. சூடான இடத்துக்கும் குளிர்ந்த இடத்துக்கும் மாறி மாறிச் சென்றே அவை செரிமானத்தையும் நோய் எதிர்ப்பையும் நடத்துகின்றன. ஆகவே தொட்டி முழுவதும் ஒரே வெப்பநிலையில் இருந்தால், அது எவ்வளவு அழகாக அமைந்திருந்தாலும் பயனில்லை. சிறுத்தைப்பல்லிக்குச் சூடான முனையின் தரை சுமார் 32 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த முனை 24 முதல் 26 வரை; தாடி ஓணானுக்கு வெயில் காயும் மேடை 38 முதல் 42 வரை, மறுமுனை 25 அளவில்; கார்ன் ஸ்நேக்குக்குச் சூடான பக்கம் 30 அளவில், குளிர்ந்த பக்கம் 24 அளவில். இரு முனையிலும் ஒவ்வொரு மறைவிடம் இருக்க வேண்டும். இல்லையெனில் ஒளிவதா, சூடேறுவதா என்று விலங்கு ஒன்றை இழந்து மற்றொன்றைப் பெறும் நிலை வரும்.

வெப்பம் தரும் எந்தக் கருவியும், சூட்டை அளந்து கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இன்றி ஓடக் கூடாது. சூடாகும் கற்களை வாங்கவே வேண்டாம். அடியிலிருந்து வரும் கடும் சூட்டிலிருந்து ஊர்வன உடனே விலகுவதில்லை என்பதால், வயிறு வெந்து புண்ணாகும் வரை அவை அதன்மேலேயே படுத்துக் கிடக்கும். தொட்டியைச் சன்னலோரம் வைத்து வெயில் காட்டுவதும் தவறு. கண்ணாடித் தொட்டி வெயிலில் சிறிது நேரத்திலேயே அடுப்பாகிவிடும். விலங்குக்கு உண்மையில் தேவையான புறஊதா பி கதிரையோ அந்தக் கண்ணாடியே தடுத்துவிடும்.

அந்தக் கதிரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வீட்டில் வளரும் ஓணான்களும் ஆமைகளும் முடமாவதற்கு அது கிடைக்காமல் போவதே பெருங்காரணம். புறஊதா பி கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உருவாகும்; டி3 இருந்தால்தான் உணவிலுள்ள கால்சியம் உடலில் சேரும். கதிர் கிடைக்காதபோது உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவியெடுக்கிறது. தாடை ரப்பர் போல இளகுகிறது, கால்கள் வளைகின்றன, விரல்கள் துடிக்கின்றன. இந்நிலையில் கொண்டுவரப்படும் விலங்கைக் காப்பாற்றலாம். வளைந்த எலும்பை நிமிர்த்துவது அரிது. பகல் விலங்குகளுக்குப் புறஊதா பி விளக்கு கட்டாயம். சிறுத்தைப்பல்லிக்கும் குறைந்த வலுவுள்ள விளக்கு நன்மை தரும். விளக்குக்கும் விலங்குக்கும் நடுவே கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இருக்கக் கூடாது. விளக்கு கண்ணுக்குப் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தாலும் கதிரின் வலு குறைந்துகொண்டே போகும் என்பதால், தயாரிப்பாளர் சொல்லும் காலத்தில், பெரும்பாலும் 6 முதல் 12 மாதத்துக்குள், மாற்றிவிட வேண்டும். மாற்றிய தேதியை விளக்கின் மேலேயே எழுதி ஒட்டுவது நல்ல பழக்கம்.

தரைக்குத் தொடக்கத்தில் காகிதமோ தட்டையான ஓடோ போதும். எச்சம் தெளிவாகத் தெரியும், சுத்தம் செய்வதும் எளிது. நுண்மணலைக் குட்டிகள் உணவோடு விழுங்கிக் குடலடைப்புக்கு ஆளாகலாம். இவை எல்லாவற்றையும் அமைத்தபின் விலங்கு இல்லாமலே இரண்டு வாரம் தொட்டியை ஓடவிட்டுப் பாருங்கள். காலை, மாலை இரு வேளையும் இரு முனை வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் பிள்ளை ஒரு நோட்டில் குறிக்கட்டும். இந்த இரண்டு வாரம் பிள்ளையின் பொறுமைக்கும் நல்ல அளவுகோல். நோட்டு நான்காம் நாளே நின்றுபோனால், வாங்குவதைத் தள்ளிப்போட இன்னும் நேரம் இருக்கிறது.

உணவு

சிறுத்தைப்பல்லி பூச்சிகளை மட்டுமே உண்ணும். சுவர்க்கோழிப் பூச்சி, மாவுப்புழு, டூபியா கரப்பான் என மாற்றி மாற்றித் தரலாம். ஒவ்வொரு பூச்சியும் பல்லியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. பூச்சிக்கு ஒரு நாள் முன்னதாக நல்ல காய்கறி கொடுத்து, பிறகு கால்சியம் தூளில் புரட்டித் தர வேண்டும். குட்டிக்கு நாள்தோறும், வளர்ந்ததற்கு வாரம் இரண்டு அல்லது மூன்று முறை போதும். தின்னாத பூச்சிகளைத் தொட்டியிலேயே விட்டுவிட்டால் அவை தூங்கும் பல்லியைக் கடிக்கும். வெளியே பிடித்த பூச்சிகளைத் தராதீர்கள். பூச்சிக்கொல்லி கலந்திருக்கலாம், மின்மினி போன்றவை நஞ்சாகவும் அமையலாம்.

தாடி ஓணான் குட்டியில் பெரும்பாலும் பூச்சியும், வளர்ந்தபின் பெரும்பாலும் கீரையும் காயும் உண்ணும். ஆக்சலிக் அமிலம் மிகுந்த பசலை வகைக் கீரைகள் கால்சியத்தைக் கட்டிப்போடுவதால் அவற்றை அன்றாட உணவாக்கக் கூடாது. அவகாடோ அறவே கூடாது. பாம்புக்குத் தரும் எலியை மூடிய பெட்டியில், மனித உணவிலிருந்து பிரித்து வைத்து, தனிப் பாத்திரத்தில் வெந்நீரால் உருக்குங்கள். உறைந்த எலிகள் வழியாகவும் சால்மோனெல்லா பரவியதுண்டு. உணவளித்தபின் 48 மணி நேரம் பாம்பைத் தூக்கக் கூடாது, தூக்கினால் உண்டதைக் கக்கிவிடும்.

பிள்ளையின் கையும் பல்லியின் காலும்

வீட்டுக்கு வந்த முதல் ஒன்றிரண்டு வாரம் யாரும் தொட வேண்டாம். தண்ணீர், உணவு, சுத்தம், அவ்வளவே. அது ஒழுங்காக உண்ணத் தொடங்கியபின் பழக்கத்தைத் தொடங்கலாம்.

பிள்ளை தரையில் உட்கார வேண்டும். நின்றுகொண்டு தூக்கினால் தவறி விழும் உயரமே விலங்கின் எலும்பை முறிக்கும். கை மேலிருந்து இறங்கக் கூடாது, ஏனென்றால் அதன் இயல்பறிவில் மேலிருந்து வருவது பருந்து. உள்ளங்கையைத் தொட்டியின் தரையில் விரித்து வைத்துவிட்டு அசையாமல் இருக்கச் சொல்லுங்கள். பல்லி முதலில் தலையைத் திருப்பும். பிறகு நாக்கை நீட்டி விரல் நுனியை ஒரு முறை தொட்டுப் பார்க்கும். ஒரு முன்காலை எடுத்து வைக்கும், நிற்கும், மற்றொன்றை வைக்கும். பிள்ளை அந்தச் சில நொடிகள் மூச்சையே அடக்கிக்கொண்டிருப்பதை நீங்கள் பக்கத்திலிருந்து பார்க்கலாம். அது தானாக ஏறினால் அன்றைய பாடம் முடிந்தது, ஏறாவிட்டாலும் முடிந்ததுதான். ஐந்து நிமிடத்திலிருந்து பத்து நிமிடம், வாரம் சில முறை, பெரியவர் அருகிலிருக்க மட்டுமே.

வாலைப் பிடிக்கக் கூடாது என்பதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லுங்கள். பயந்த பல்லி வாலை உதறிவிடும். உதிர்ந்த வால் தரையில் துடிப்பதைப் பார்த்த பிள்ளை தான் பெரும் பாவம் செய்ததாக நினைத்துக் கலங்கும். மீண்டும் வளரும், ஆனால் பழைய வரிகள் இல்லாமல் குண்டாக வளரும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கையாண்ட பின் ஒவ்வொரு முறையும் சோப்பு போட்டு 20 நொடி கை கழுவ வேண்டும். தொட்டியைத் தொட்டாலும், தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் தொட்டாலும் இதே விதி. முத்தமிடக் கூடாது, முகத்தருகே கொண்டுபோகக் கூடாது, சமையலறைக்குள்ளும் சாப்பாட்டு மேசைக்கும் அது வரவே கூடாது. கிண்ணங்களையும் மறைவிடங்களையும் சமையலறைத் தொட்டியில் கழுவாமல் தனி வாளியில் கழுவி, அந்த நீரைக் கழிப்பறையில் ஊற்றுங்கள். இதைப் பெரியவரே செய்ய வேண்டும். கிருமி இருக்கிறது என்று பயமுறுத்தத் தேவையில்லை. வெளியிலிருந்து வந்தால் கால் கழுவுவது போல இதுவும் ஓர் ஒழுங்கு என்று பழக்கினால் பிள்ளைகள் தாமே செய்துவிடுவார்கள்.

வேலைகளை வயதுக்கேற்பப் பிரிக்கலாம். ஏழெட்டு வயதுப் பிள்ளை வெப்பமானியைப் படித்துச் சொல்லலாம், பூச்சிகளுக்குக் காய் போடலாம். பத்து வயதைத் தாண்டிய பிள்ளை இடுக்கியால் உணவளிக்கலாம், எடை பார்த்துக் குறிக்கலாம். பதின்ம வயதில் பெரும்பாலான வேலையையும் ஒப்படைக்கலாம். ஆனால் வாரம் ஒரு முறையாவது பெரியவர் தொட்டியை முழுதாகப் பார்த்தாக வேண்டும்.

நோட்டு சொல்லும் செய்தி

ஊர்வன நோயை மறைப்பவை. காட்டில் பலவீனம் வெளியே தெரிந்தால் உயிர் போகும். அதனால் அறிகுறி தெரியும்போது நோய் முற்றியிருக்கும். இங்கேதான் பிள்ளையின் நோட்டு உதவுகிறது. எங்கள் வீட்டில் மகள் மூன்று நாள் தொடர்ந்து, “இன்றும் குளிர்ந்த பக்கத்திலேயே படுத்திருக்கிறது” என்று எழுதியிருந்தாள். நான் அதைப் படித்துவிட்டுச் சூடான முனையின் தரையை அளந்தபோது 40 டிகிரியைத் தாண்டியிருந்தது. பல்லி தரையைக் கிளறியதில் தெர்மோஸ்டாட்டின் உணர்முனை இடம்பெயர்ந்து குளிர்ந்த பக்கம் விழுந்திருக்கிறது. அது காட்டிய குறைந்த வெப்பத்தை நம்பி வெப்பப் பாய் நிற்காமல் ஓடியிருக்கிறது. அன்றே உணர்முனையை அசையாதபடி கட்டினோம். நான் நாள்தோறும் அந்தத் தொட்டியைக் கடந்துதான் போனேன், கவனித்தவள் அவள்.

உண்டது, எச்சமிட்டது, தோலுரித்தது, வாரம் ஒரு முறை கிராமில் எடை ஆகியவற்றைக் குறித்தால் போதும். தோலுரிக்கும் நாள்களைத் தனியாகக் கவனியுங்கள். சிறுத்தைப்பல்லி வெளிறிப்போய், உரித்த தோலைத் தானே தின்றுவிடும். பாம்பின் கண் நீலம் பூத்துப் பிறகு தெளிந்து சில நாளில் சட்டையை ஒரே உறையாகக் கழற்றும். ஈரப்பாசி வைத்த ஒரு மறைவிடம் இதற்கு உதவும். உரித்தபின் பல்லியின் விரல்களை உருப்பெருக்கி வைத்துப் பாருங்கள். விரல் நுனியில் மோதிரம் போல எஞ்சிய தோல் இறுகி, இரத்த ஓட்டத்தை நிறுத்தி, விரலையே உதிரச் செய்யும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியின்மேல் சில நிமிடம் நிற்க வைத்து, பஞ்சுக் குச்சியால் மெல்ல உருட்டி எடுக்க வேண்டும், இழுக்கவே கூடாது.

மூக்கில் குமிழி, வாயைத் திறந்தபடி மூச்சுவிடுதல், நடுக்கம், குழிவிழுந்த கண், தொடர்ந்து குறையும் எடை ஆகிய எதைக் கண்டாலும் மருத்துவரிடம் செல்ல வேண்டும். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் ஊர்வனவற்றைப் பார்ப்பதில்லை என்பதால், பார்ப்பவர் யார் என்பதை விலங்கை வாங்குவதற்கு முன்பே கண்டறிந்து வையுங்கள். அப்படி ஒருவர் எட்டும் தொலைவில் இல்லையென்றால், வாங்கும் முடிவையே மறுபரிசீலனை செய்யலாம்.

வைத்திருக்க முடியாமல் போனால்

எவ்வளவு எண்ணித் தொடங்கினாலும் குடும்பச் சூழல் மாறலாம். அப்போது குளத்திலோ தோட்டத்திலோ விட்டுவிடுவதுதான் எளிய வழி போலத் தோன்றும். அதை ஒருபோதும் செய்யாதீர்கள். வளர்ப்பு விலங்குகளில் பல வெளியில் சில நாளில் மடிந்துவிடும். மடியாதவை அங்குள்ள உயிர்களை அழிக்கும். வீடுகளிலிருந்து நீர்நிலைகளில் விடப்பட்ட சிவப்புக் கோட்டு ஸ்லைடர் ஆமை, உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. மீட்பு மையத்தையோ, அனுபவமுள்ள வேறொரு வளர்ப்பாளரையோ தேடி, தொட்டி, விளக்கு, தெர்மோஸ்டாட் அனைத்தோடும் ஒப்படையுங்கள். பிள்ளை எழுதிய நோட்டையும் சேர்த்துக் கொடுங்கள். எடையும், கடைசியாகத் தோலுரித்த நாளும், எந்தப் பூச்சியை அது விரும்பி உண்ணும் என்பதும் புதியவருக்கு அதிலிருந்துதான் தெரியும்.